அடாப்டர் மேல் பழி போடுவதற்கு முன்

பழைய லேப்டாப்பின் உள்ளே இருக்கும் வைஃபை கார்டு கைவிட்டுவிட்டால், விரல்நுனி அளவில் ஒரு யூஎஸ்பி அடாப்டரை வாங்கிச் செருகிவிடுகிறோம். தப்பில்லை, லேப்டாப்பைப் பிரிக்காமலே வேலை முடிந்துவிடும். தொல்லை ஆரம்பிப்பது அதற்கப்புறம்தான். வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும்போது இணைப்பு போகும். பிடுங்கிச் செருகினால் வரும். கொஞ்ச நேரத்தில் மறுபடி போகும். 'இது மட்டமான அடாப்டர், வேறு வாங்கிவிடலாம்' என்று முடிவு கட்டிவிடுவோம். புதிதாக வந்ததும் அதே கூத்தை ஆடும்போதுதான் சந்தேகம் லேப்டாப் பக்கம் திரும்பும்.

நான் கைவைத்துப் பார்த்தவரை, அடாப்டர் நிஜமாகவே செத்துப்போயிருந்தது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் போர்ட்டிலோ, டிரைவரிலோ (அடாப்டரை இயக்க லேப்டாப்புக்குச் சொல்லித்தரும் மென்பொருள்), ரவுட்டரிலோ, லேப்டாப்பின் வயசிலோ இருந்த கோளாறு. பழி மட்டும் அடாப்டருக்கு.

எங்கே அறுந்தது என்று பார்க்காமல் இறங்குவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். 'நெட் வரவில்லை' என்பது ஒரே கோளாறு மாதிரி தெரிந்தாலும் அதற்குள் நாலைந்து கண்ணிகள் இருக்கின்றன. லேப்டாப் அடாப்டரை அடையாளம் காண வேண்டும். அதற்கு டிரைவர் ஏற வேண்டும். அடாப்டர் சுற்றியுள்ள வைஃபை பெயர்களைக் காட்ட வேண்டும். பாஸ்வேர்டு போட்டதும் ரவுட்டர் சேர்த்துக்கொண்டு ஒரு ஐபி முகவரி, அதாவது வலையில் லேப்டாப்புக்கு ஒரு விலாச எண், தர வேண்டும். அதன் பிறகுதான் இணையம். எந்தக் கண்ணி விட்டது என்று தெரியாமல் டிரைவரை அழிப்பது, ரவுட்டரை ரீசெட் செய்வது என்று இறங்கினால், நன்றாக இருந்ததும் கெட்டுப்போகும்.

விண்டோஸில், சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். அடாப்டரைச் செருகும்போது பட்டியல் ஒருமுறை துடித்துப் புதுப்பிக்கிறதா? துடிக்கவே இல்லை என்றால் டிரைவரைப் பற்றிப் பேசுவதே வீண். போர்ட்டையும் அடாப்டரையும்தான் சந்தேகிக்க வேண்டும். மஞ்சள் முக்கோணத்தோடு நின்றால், அதை இரட்டைக் கிளிக் செய்தால் ஒரு பிழைக் குறியீட்டு எண் இருக்கும். 28 என்றால் டிரைவரே இல்லை. 10 என்றால் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை. 43 என்றால் சாதனமே தனக்குக் கோளாறு என்று சொல்லிவிட்டது. இந்த மூன்று எண்களுக்கும் மருந்து ஒன்றல்ல.

வைஃபையில் சேர்ந்தும் நெட் இல்லையா? ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறதா பாருங்கள். அப்படியென்றால் ரவுட்டரிடமிருந்து முகவரி வந்து சேரவில்லை. லேப்டாப் தனக்குத் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. முகவரி ஒழுங்காக இருந்தால் ரவுட்டரை பிங் செய்து, அதாவது ஒரு குட்டிச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று, பாருங்கள். ரவுட்டர் பதில் சொல்லி, வெளித் தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் அடாப்டர் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த இடத்தில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. ஒரு பழைய லேப்டாப், புது அடாப்டர். வைஃபை கோடுகள் முழுசாக இருக்கின்றன, பிங் போகிறது, ஆனால் பிரவுசரில் ஒரு தளமும் திறக்கவில்லை. எதைத் தட்டினாலும் 'பாதுகாப்பான இணைப்பு இல்லை' என்று எச்சரிக்கை. இரண்டு மணிநேரம் டிரைவரோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் தற்செயலாகக் கண் திரையின் மூலைக்குப் போனது: தேதி 2009 ஜனவரி 1. மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்துபோயிருந்தது; மின்சாரம் போகும்போதெல்லாம் கடிகாரம் ஆதிக்குத் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு தளமும் தன் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழுக்கும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று ஆயுள் உண்டு. 2009-இல் வாழும் லேப்டாப்புக்கு அவை எல்லாமே இன்னும் பிறக்காத சான்றிதழ்கள். தேதியை மாற்றிய அடுத்த நொடி எல்லாம் திறந்தது. பல லேப்டாப்களில் அந்த பேட்டரி சிஆர்2032 வகைதான், சிலவற்றில் ஒயரோடு உறையிட்டு வரும். பத்து வயசு தாண்டிய லேப்டாப் என்றால் இப்போதெல்லாம் முதலில் தேதியைத்தான் பார்க்கிறேன்.

போர்ட்டை நம்புவது

யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டிய மின்சாரம் 500 மில்லியாம்பியர், 3.0 போர்ட் 900. எழுத்தில் அப்படி. ஆயிரம் முறை பென்டிரைவ் செருகிப் பிடுங்கிய போர்ட்டில் உள்ளே இருக்கும் தகடுகள் தளர்ந்து, தொட்டும் தொடாமலும் நிற்கும். அடாப்டர் சும்மா இருக்கும்போது கொஞ்சமாகத்தான் மின்சாரம் குடிக்கும். பெரிய ஃபைல் ஏற்றும்போது இழுவை கூடும். அந்த நேரத்தில் மட்டும் இணைப்பு அறுந்தால் மின்சாரப் பற்றாக்குறை என்று நினைக்கலாம். அடாப்டரை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் பதில் கிடைத்துவிட்டது. எதிர்ப் பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

போர்ட் போதவில்லை என்று ஹப்பில் செருகுவது அடுத்தது. தனி மின்சாரம் இல்லாத ஹப், லேப்டாப்பின் ஒரு போர்ட் தருவதைத்தான் மவுஸ், கீபோர்டு, அடாப்டர் எல்லாவற்றுக்கும் பங்கு போடுகிறது. மவுஸுக்கு அது போதும், அடாப்டரின் ரேடியோவுக்குப் போதாது. ஹப் வேண்டும் என்றால் மவுஸை அங்கே அனுப்பிவிட்டு, அடாப்டரை நேராக லேப்டாப்பில் செருகுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் ஓடும் ஹார்டு டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ரேடியோ இரைச்சலைக் கக்கும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. உங்கள் அடாப்டர் 2.4 மட்டும் பேசுவது, பக்கத்துப் போர்ட்டில் ஹார்டு டிஸ்க் என்றால், காதுக்குள் மிக்ஸி ஓட விட்டு ரகசியம் கேட்கிற கதைதான். சோதிப்பது சுலபம்: ஹார்டு டிஸ்க்கில் ஒரு பெரிய காப்பியை ஓட விடுங்கள். வைஃபை தள்ளாடுகிறதா? காப்பியை நிறுத்துங்கள். உடனே தெளிகிறதா? அப்படியானால் அரை மீட்டர், ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு அடாப்டரைத் தள்ளி வைத்தால் போதும். என்னைக் கேட்டால், வேறு அடாப்டர் வாங்குவதற்கு முன் இந்தக் கேபிளைத்தான் வாங்குவேன். குட்டி அடாப்டர்கள் லேப்டாப்பின் உடம்போடு ஒட்டிக் கிடந்து அதன் சூட்டையும் வாங்கிக்கொள்கின்றன; கேபிளில் தொங்கினால் அந்தச் சூடும் போகும். மிக நீளமான கேபிள் வேண்டாம், நீளம் கூடக் கூட மின்னழுத்தம் குறையும்.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியில் ஏசி1200 என்று போட்டிருந்தால் அது 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 மெகாபிட் என்று இரண்டு பட்டைகளையும் கூட்டி எழுதிய கணக்கு. யூஎஸ்பி 2.0 போர்ட்டின் உச்சவரம்பே நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் 300 பக்கம் வந்தாலே அதிகம். அதை வைத்துக்கொண்டு 'அடாப்டர் ஏமாற்றுகிறது' என்று சொல்ல முடியாது.

பெட்டிப் பெயரை வைத்து டிரைவர் தேடுவது

அடாப்டரின் பெட்டியில் ஒரு கம்பெனி பெயர் இருக்கும். உள்ளே இருக்கும் சிப் வேறு கம்பெனியுடையது, பெரும்பாலும் ரியல்டெக் அல்லது மீடியாடெக். ஒரே மாடல் பெயரில் முதல் பதிப்பு ஒரு சிப்போடும், இரண்டாம் பதிப்பு இன்னொரு சிப்போடும் வருவதுண்டு. பெயரை மட்டும் தட்டித் தேடி முதலில் வந்ததை இறக்கினால், அது உங்கள் அடாப்டருக்கு உரியதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் பதிப்பு எண் இருக்கும், பாருங்கள். அதைவிட நம்பகமானது டிவைஸ் மேனேஜரில் 'டீட்டெயில்ஸ்' பகுதியில் இருக்கும் ஹார்டுவேர் ஐடி. அதில் தயாரிப்பாளருக்கு நாலு எழுத்து, பொருளுக்கு நாலு எழுத்து. தயாரிப்பாளர் எண் 0பிடிஏ (0BDA) என்றிருந்தால் ரியல்டெக். லினக்ஸில் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளை இதையே காட்டும்.

சில அடாப்டர்கள் செருகியதும் தங்களை ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொள்ளும். டிரைவரை உள்ளேயே வைத்து அனுப்பும் உபாயம் அது. டிரைவர் ஏறியதும் வேஷத்தைக் கலைத்துவிட்டு வைஃபை சாதனமாக மாறும். மாறாமல் நின்றுவிட்டதைப் பார்த்து 'இது பென்டிரைவ், ஏமாந்துவிட்டேன்' என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

டிரைவர்களைத் தானே தேடிப் போட்டுத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் பக்கம் போகவே போகாதீர்கள். அவற்றோடு வரும் குப்பையை அகற்றுவது தனி வேலை. டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்று மாட்டிக்கொண்டால், மொபைலைக் கேபிளில் இணைத்து, அதன் நெட்டை லேப்டாப்புக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங் போடுங்கள்.

இயங்குதளத்தின் வயசும் கணக்கில் வரும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்டது; அதற்குப் பின் வந்த பல அடாப்டர்களுக்கு 7-க்கு டிரைவரே கிடையாது. எவ்வளவு முறை பிடுங்கிச் செருகினாலும் இல்லாதது வராது. லினக்ஸ்காரர்களுக்கு வேறு வலி: லினக்ஸின் மையமான கெர்னலில் இல்லாத டிரைவரை வெளியிலிருந்து கட்டி ஏற்றியிருந்தால், கெர்னல் புதுப்பிக்கும் நாளில் வைஃபை காணாமல் போகும். அதீராஸ் ஏஆர்9271, மீடியாடெக் எம்டி7612யூ போன்ற சிப்களுக்கு டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது.

மின்சாரம் மிச்சம் பிடிக்கும் புத்திசாலித்தனம்

பயன்படுத்தும்போது நன்றாக ஓடி, காபி குடித்துவிட்டு வந்தால் மட்டும் இணைப்பு செத்துக் கிடக்கிறதா? விண்டோஸ் அடாப்டரைத் தூங்க வைத்திருக்கும். டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் உள்ள டிக்கை எடுங்கள். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று இன்னொன்று இருக்கிறது, அதையும் அணைக்க வேண்டும். சில லேப்டாப்களில் அது கண்ணுக்குத் தெரியாது. அங்கே முதலாவது மட்டும்தான் வழி.

ரவுட்டரை மறந்துவிடுவது

மொபைலில் வைஃபை பெயர் தெரிகிறது, லேப்டாப்பில் தெரியவில்லை என்றால் அடாப்டர் 2.4 மட்டும் பேசுவதாகவும் அந்தப் பெயர் 5 கிகாஹெர்ட்ஸில் ஓடுவதாகவும் இருக்கலாம். பெயர் தெரிந்தும் பாஸ்வேர்டை ஏற்கவில்லை என்றால் ரவுட்டரின் பாதுகாப்பு அமைப்பைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை வந்தது 2018-இல். ரவுட்டர் அதை மட்டுமே ஏற்கும்படி இருந்தால் பழைய அடாப்டர் வாசலிலேயே நிற்கும். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்றுங்கள். அவசரத்தில் டபிள்யூஇபி, டிகேஐபி என்று பழசுக்குப் போகாதீர்கள். அவை பாதுகாப்பற்றவை என்பது ஒரு பக்கம், 802.11என் (802.11n) என்ற வைஃபை தரத்தின் விதிப்படி அவற்றோடு அந்தத் தரத்தின் வேகம் கிடையாது, 54 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். சோதனைக்காக பாஸ்வேர்டையே எடுத்துவிட்டு, மாசக்கணக்கில் அப்படியே விட்டவர் ஒருவரையும் எனக்குத் தெரியும்.

இரண்டு வைஃபை ரேடியோக்களை ஓட விடுவதும் இந்த ரகம்தான். உள்ளே இருக்கும் பழைய கார்டு முழுசாகச் சாகாமல் குற்றுயிராக இருந்தால், லேப்டாப் சில சமயம் அதன் வழியாகவே போகப் பார்க்கும். நீங்கள் அடாப்டரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். பழையதை டிவைஸ் மேனேஜரில் 'டிஸேபிள்' செய்யுங்கள். 'அன்இன்ஸ்டால்' செய்தால் அடுத்த முறை ஆன் செய்யும்போது திரும்பி வந்து நிற்கும்.

இதில் எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். போர்ட், டிரைவர், ரவுட்டர் சேனல் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிச் சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த வாரம் திரும்பி வரும்போது மறுபடி ஆதியிலிருந்து. நெட்வொர்க் ரீசெட் பொத்தானைக் கடைசிக்கு வையுங்கள். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் அதோடு போய்விடும்.

இவ்வளவுக்கும் பிறகு, அடாப்டரை வேறு ஒரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கேயும் டிவைஸ் மேனேஜர் துடிக்கவில்லை என்றால், சரி, அது செத்துவிட்டது. அடுத்ததை வாங்கும்போது சிப்பின் பெயரைப் பார்த்து வாங்குங்கள். அதற்குப் பதில் உள் கார்டையே மாற்றலாமே என்று தோன்றினால் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள்: சில பழைய லேப்டாப்களின் பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) அனுமதித்த கார்டுகளின் பட்டியல் ஒன்று இருக்கும். பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் லேப்டாப் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு பூட் ஆகவே மறுக்கும். யூஎஸ்பி அடாப்டரை அந்தப் பட்டியல் ஒன்றும் செய்யாது.