குமிழைத் திருகினாலும் ஏடிசிக்குப் போகும் உயரம் மாறாது

விமானம் ஓட்டப் பழகும்போது நிறையப் பேர் தடுமாறும் இடம் இது. "உயரத்தைச் சரிபாருங்கள்" என்று ஏடிசி (தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் போக்குவரத்துக் கட்டுப்பாடு) சொன்னதும் பதற்றத்தில் ஆல்டிமீட்டரின் (உயரமானியின்) அழுத்தக் குமிழைத் திருகி, அவர்கள் சொன்ன எண்ணுக்கு முள்ளைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

தரையிலிருக்கும் ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி கேட்கும், உங்கள் டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குத் தானாகப் பதில் அனுப்பும் கருவி) 1090-இல் பதில் சொல்லும். யார் என்று கேட்டால் நீங்கள் போட்டுவைத்த நான்கு இலக்க அடையாளக் குறியீடான ஸ்குவாக் போகும். எவ்வளவு உயரம் என்று கேட்டால் (இதுதான் மோட் சி) என்கோடர் என்ற உயரம் அளக்கும் கருவி தரும் எண் போகும். சிறிய விமானங்களில் பெரும்பாலும் இது பேனலுக்குப் பின்னால் இருக்கும் தனிப் பெட்டி. ஆல்டிமீட்டருக்கு வரும் அதே ஸ்டாட்டிக் குழாயிலிருந்துதான் இதற்கும் காற்றழுத்தம் வருகிறது, ஆனால் குமிழுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, எப்போதும் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற நிலையான அழுத்தத்தை வைத்தே கணக்குப் போட்டு நூறு நூறு அடியாக அனுப்பும்.

கியூஎன்எச் (குமிழால் ஆல்டிமீட்டரில் வைக்க வேண்டிய, அந்த இடத்தின் கடல்மட்டக் காற்றழுத்தம்) 1003 என்று வைத்துக்கொள்வோம். ஆல்டிமீட்டரில் 3000 அடி இருக்கும்போது என்கோடர் 3300 என்று அனுப்பும். ஏடிசி கணினி அந்த 10 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசத்துக்கு உரிய 300 அடியைக் கழித்து 3000 என்று காட்டும். நீங்கள் 1003-ஐ வைக்க மறந்து 1013-லேயே பறந்தால் உங்கள் முள் 3000 காட்டும், திரையில் 2700 தெரியும். திரைதான் சரி, நீங்கள்தான் தாழ்வாகப் பறக்கிறீர்கள்.

அதனால் முதலில் கியூஎன்எச்சைக் கேட்டு வாங்கி அதையே வையுங்கள், அப்புறம் விமானத்தைச் சரியான உயரத்துக்குக் கொண்டுபோங்கள். கியூஎன்எச் சரியாக இருந்தும் 300 அடிக்கு மேல் வித்தியாசம் என்றால் என்கோடர் மேல் சந்தேகம் வரும். உயரத்தை அனுப்புவதை நிறுத்த ஏடிசி சொன்னால் டிரான்ஸ்பாண்டர் சுவிட்சை ஆல்ட்டிலிருந்து (ALT) ஆனுக்கு (ON) மாற்றுங்கள், ஸ்குவாக் மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சார்க்கி தாத்ரி ஊருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். டெல்லி ரேடார் திரையில் அன்று உயரமே தெரியாது, விமானிகள் வாயால் சொன்னதுதான். திரையில் வரும் அந்த உயர எண்ணை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது இதனால்தான்.

ஸ்குவாக் மாற்றும்போதும் கவனம் வேண்டும். 2700-லிருந்து 7200-க்குப் போக முதல் இலக்கத்தை முதலில் திருப்பினால் நடுவில் 7700 வந்துவிடும், அது அவசரநிலைக் குறியீடு. முதலில் 2200, பிறகு 7200.