வைஃப் கார்டுல நின்னுபோன வெல்கம் போனஸ்

வைஃப் பேர்ல புது கிரெடிட் கார்டு, 90 நாள்ல 1 லட்சம் செலவு பண்ணா வெல்கம் போனஸ். என் கார்டை ஓரமா வச்சுட்டு வீட்டுச் செலவு மொத்தத்தையும் அதுலயே தேச்சோம், எங்க ஷீட்ல 1,06,000 ஆகியும் ஆப்ல 84,000லயே நின்னுடுச்சு. நாலு நாளா மண்டை காஞ்சதுதான் மிச்சம். கஸ்டமர் கேர்ல நான் பேசினா கார்டு ஹோல்டர்கிட்டதான் சொல்வோம்னாங்க, அவ பேசினா வெயிட் பண்ணுங்க மேடம்னாங்க, ஆப்பை அழிச்சு திரும்பப் போட்டும் அதே நம்பர்.

கடைசியா ஸ்டேட்மென்ட் பிடிஎஃப்ல பாயின்ட்ஸ் கட்டத்தைப் பார்த்தேன், அதுல மைனஸ்ல ஒரு வரி! 22,000க்கு ஃபோன் வாங்கினப்போ முழு அமௌன்ட்டாதான் தேச்சோம், ரெண்டு நாள் கழிச்சு எஸ்எம்எஸ்ல வந்த லிங்க்கை அமுக்கி அவ இஎம்ஐயா மாத்தியிருக்கா. மாத்தினதும் அந்த 22,000 கணக்குலயே இல்ல, கொடுத்த பாயின்ட்டையும் திரும்ப எடுத்துட்டாங்க.

இன்னொண்ணு, அந்த 90 நாள் கணக்கு, கார்டு கைக்கு வந்த தேதில இருந்து இல்ல, இஷ்யூ ஆன தேதில இருந்து. நல்லவேளை 6 நாள் பாக்கி இருந்துச்சு. வாடகை, வாலட் லோடு, பெட்ரோல் எதுவும் இதுல சேராதுன்னு விதிமுறைல போட்டிருந்ததால, மாமியாருக்கு 17,000க்கு வாஷிங் மெஷின், ஒரே பேமென்ட். அடுத்த ஸ்டேட்மென்ட்ல போனஸ் ஏறிடுச்சு, அப்பாடா.