முன்னாள் படைவீரருக்குக் குயில்ட் தைக்க நினைப்பவர்களுக்கு

படைவீரர்களுக்குக் குயில்ட் (துணித் துண்டுகளை இணைத்து அடுக்காகத் தைக்கும் போர்வை) வழங்கும் 'குயில்ட்ஸ் ஆஃப் வேலர்' அமைப்புக்குத் தைத்துக் கொடுக்க எங்கள் சான் அன்டோனியோ பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் சிலருக்கு ஆசை. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்கள். மெஷினில் நேராகத் தையல் ஓட்டத் தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் பொறுமைதான்.

2003-ல் கேத்தரின் ராபர்ட்ஸ் என்ற தாய், மகன் ஈராக் போர்முனையில் இருந்த காலத்தில் தொடங்கியது இந்த வேலை. அந்த வருடம் நவம்பரில் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் முதல் குயில்ட் ஒரு வீரருக்குப் போர்த்தப்பட்டது. இன்று அமெரிக்கா முழுக்கத் தன்னார்வலர்கள் தைக்கிறார்கள். இதை நன்கொடைப் போர்வையாக யாரும் நினைப்பதில்லை, விருதாகத்தான் வழங்குகிறார்கள். அதனால் அளவுக்கும் தரத்துக்கும் விதி உண்டு. குறைந்தது 55 x 65 அங்குலம் இருக்க வேண்டும், 72 x 90-ஐத் தாண்டக் கூடாது. 60 x 80-ஐ ஒட்டி வந்தால் மிக நல்லது. மேல்துணி, நடுவில் பேட்டிங் எனும் பஞ்சு விரிப்பு, அடித்துணி என்று மூன்று அடுக்கும் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். அங்கங்கே நூலால் முடிச்சுப் போட்டு நிறுத்திய குயில்ட்டை ஏற்க மாட்டார்கள்.

முதல் குயில்ட்டுக்கு நான் சொல்வது 'ரெயில் ஃபென்ஸ்' டிசைன், நேர்ப் பட்டைகளை இணைத்த சதுரங்கள்தான். முக்கோணம் கிடையாது, கோணல் வெட்டு கிடையாது. குயில்ட் கடையில் விற்கும் நூறு சதவீதக் காட்டனில் கருநீலம், வெளிர்நீலம், க்ரீம், சிவப்பு என நான்கு நிறம், ஒவ்வொன்றிலும் ஒன்றேகால் கெஜம் வாங்குங்கள். கொடி நிறம்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. பச்சையும் பழுப்புமாக வந்த குயில்ட்டுகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் மெல்லிய மலிவுத் துணி மட்டும் வேண்டாம். இருபது வருடம் சோபாவில் கிடந்து, துவைத்துத் துவைத்துப் பயன்பட வேண்டிய பொருள் இது.

ரோட்டரி கட்டரால் (உருளும் வட்டக் கத்தி) இரண்டரை அங்குலப் பட்டைகள் வெட்டுங்கள், நிறத்துக்குப் பதினாறு. நான்கு நிறத்தையும் எப்போதும் ஒரே வரிசையில், சிவப்பு ஓரத்தில் வரும்படி, கால் அங்குலம் விட்டு இணையுங்கள். இணைத்த பட்டையின் அகலம் சரியாக எட்டரை அங்குலம் இருக்க வேண்டும். இதை முதல் பட்டையிலேயே ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஒரு நூல் தடிமன் அளவுதான் குறைந்திருக்கும், ஆனால் அந்தக் குறைச்சல் ஒரு வரிசை முடியும்போது ஒரு அங்குலமாக வந்து நிற்கும். குறைந்தால் ஊசியை ஓரத்தை நோக்கி இம்மி நகர்த்தினால் போதும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள், இழுத்தால் பட்டை வில்லாக வளையும்.

பட்டையை எட்டரை அங்குலச் சதுரங்களாக வெட்டினால் ஒன்றுக்கு நான்கு கிடைக்கும். ஏழு குறுக்கே, ஒன்பது நெடுக்கே, ஆக 63 சதுரம். ஒன்றை நிமிர்த்தி, அடுத்ததைப் படுக்க வைத்து மாற்றி மாற்றி அடுக்குங்கள். சிவப்பு படிக்கட்டு மாதிரி இறங்கும். தரையில் பரப்பி, நாற்காலி மேல் ஏறி நின்று போன் கேமராவில் பாருங்கள். திரும்பிப்போன சதுரம் போட்டோவில் உடனே தெரியும். சுற்றிலும் இரண்டரை அங்குல அகலத்தில் வெட்டிய கரை வைத்தால், தையலில் போனது போக 60 x 76 வரும்.

அடித்துணி எல்லாப் பக்கமும் நான்கு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். 108 அங்குல அகலத் துணி இரண்டு கெஜம் வாங்கினால் நடுவில் ஒட்டு வராது. பேட்டிங் எங்கள் டெக்சஸ் வெயிலுக்கு மெல்லிய காட்டன் போதும். வீட்டு மெஷினில் அடுக்குகளைச் சேர்த்து நகர்த்தும் 'வாக்கிங் ஃபுட்' பாதத்தை மாட்டி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பின் குத்தி, நடுவிலிருந்து வெளிப்புறமாக நேர்கோடுகள் ஓட்டலாம். மலைப்பாக இருந்தால் மேல்துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் பெரிய லாங்ஆர்ம் மெஷின் வைத்திருக்கும் தன்னார்வலர்கள் மீதியைச் செய்துகொடுப்பார்கள். பாதி வேலையும் முழு உதவிதான்.

ஓரத்தைச் சுற்றி மூடித் தைக்கும் பட்டையான பைண்டிங்கைக் கையால் முடிப்பது அழகு. ஆனாலும் இதற்கு நான் இரண்டு பக்கமும் மெஷின் தையலே போடுகிறேன். சக்கர நாற்காலியில் உரசும், நாய் கடித்து இழுக்கும்; தாங்க வேண்டும்.

லேபிளை மறக்கவே கூடாது. 'குயில்ட் ஆஃப் வேலர்' என்ற பெயர், பெறுபவர் பெயர், துண்டு இணைத்தவர், அடுக்குத் தைத்தவர், பைண்டிங் போட்டவர் என எல்லோர் பெயரும் அழியாத மையில் இருக்க வேண்டும். இங்கே நடந்த ஒரு விழாவில், வியட்நாமில் இருந்த பெரியவர் ஒருவர் தோளில் போர்த்திய குயில்ட்டைக் கழற்றித் திருப்பி, முதலில் லேபிள் இருந்த மூலையைத்தான் தேடினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூன்று பெண்களின் பெயரையும் எழுத்துக் கூட்டி வாசித்தார். வியட்நாம் போருக்குப் போனவர்கள் ஊர் திரும்பியபோது வரவேற்க யாருமில்லாத கதையை இங்கே பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால் வியட்நாம் வீரர்களுக்குப் போர்த்தும்போது 'வெல்கம் ஹோம்' என்று சொல்லத் தவறாதீர்கள்.

கொடுப்பதற்கு முன் ஒருமுறை துவைத்தாக வேண்டும். சிவப்புச் சாயம் க்ரீமில் இறங்காமல் இருக்க கரையும் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் 'கலர் கேச்சர்' தாள்கள் இரண்டு மூன்று போடுங்கள். தாள் சிவந்து வந்தால் டிரையரில் போடாமல் இன்னொரு முறை துவையுங்கள். சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். பிறகு தலையணை உறை மாதிரி ஒரு பை தைத்து அதில் மடித்து வையுங்கள். பெறுபவரிடம் பராமரிப்பையும் சொல்லிக் கொடுங்கள்: குளிர்ந்த நீர், ப்ளீச் வேண்டாம், குறைந்த சூட்டில் உலர்த்தலாம். அலமாரியில் பூட்டி வைக்கத்தான் பலர் நினைக்கிறார்கள், தினமும் போர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள். கிழிந்தால் தைத்துத் தர நாங்கள் இருக்கிறோம்.