பாடநெறிக்கான மீள்பார்வைக் கட்டுரை: செய்த பணியைத் திரும்பிப் பார்த்து எழுதும் முறை

வடிவமைப்பும் எழுத்தும் கற்பிக்கும் பாடநெறிகளில், செய்து முடித்த பணிகளோடு அவற்றைப் பற்றிய மீள்பார்வைக் கட்டுரை ஒன்றையும் இணைக்கச் சொல்வது வழக்கம். பெரும்பாலோர் இதை ஒப்படைக்கும் நாளின் முந்தைய இரவில் எழுதுவதால், அது ‘முதலில் இதைச் செய்தேன், பிறகு அதைச் செய்தேன்’ என்ற நாட்குறிப்பாகவோ, ‘இப்பணியின் மூலம் பலவற்றைக் கற்றுக்கொண்டேன்’ என்ற நன்றியுரையாகவோ முடிந்துவிடுகிறது. மதிப்பிடுபவர் தேடுவது இவ்விரண்டையும் அல்ல. எந்த இடத்தில் உங்கள் முன் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருந்தன, எதைத் தேர்ந்தீர்கள், எந்தக் காரணத்தால் தேர்ந்தீர்கள், அந்தத் தேர்வை இன்று எப்படி மதிப்பிடுகிறீர்கள் என்பவற்றையே அவர் அறிய விரும்புகிறார்.

ஆகவே எழுத உட்காரும் முன் சான்றுகளைத் திரட்டுங்கள். பணி முடிந்த பிறகு, கடைசியில் வந்த வடிவத்தையே தொடக்கத்திலிருந்து எண்ணியிருந்ததாக நமக்குத் தோன்றத் தொடங்கும்; பழைய வரைவுகள் மட்டுமே அதை மறுத்துப் பேசும். தாளில் கிறுக்கிய முதல் ஓவியங்கள், கைவிட்ட லேஅவுட்டுகள், ஆசிரியரும் சக மாணவர்களும் தந்த பின்னூட்டங்கள், பணிக்கான அறிவுறுத்தல் தாள் ஆகியவற்றை ஒரே ஃபோல்டரில் சேருங்கள். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் பதிப்பு வரலாற்றைத் திறந்து பழைய நிலைகளைக் காணலாம். வடிவமைப்பு ஃபைல்களைப் பொறுத்தவரை, ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் முன் தேதியிட்ட நகல் ஒன்றை வைத்துக்கொள்வதே நம்பகமான வழி. அப்படி வைக்கவில்லையென்றால், கருத்துக் கேட்பதற்காக யாருக்காவது அனுப்பிய மின்னஞ்சல் இணைப்புகளையும் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் தேடிப் பாருங்கள்.

அடுத்தது தேர்வு. பணியின் எல்லாப் பகுதிகளையும் தொட வேண்டியதில்லை. ஆயிரம் சொற்களில் எழுதும் கட்டுரைக்கு இரண்டு அல்லது மூன்று முடிவுகளே போதும். முதல் வரைவையும் இறுதி வடிவத்தையும் அருகருகே வைத்து, வேறுபாடு மிகுந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கிடைத்த பின்னூட்டத்தை ஏற்காமல் விட்ட இடம் இருந்தால் அது இன்னும் நல்ல பொருள், ஏனெனில் அங்கே உங்கள் காரணத்தை நீங்களே நிறுவியாக வேண்டும். மற்றவை எல்லாம் மாறியபோதும் மாறாமல் நின்ற ஒன்றும் கவனத்துக்குரியதே.

தேர்ந்த முடிவை எவ்வளவு நெருக்கமாக எழுத வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கைபேசித் திரைக்கான நிகழ்ச்சி அறிவிப்பு ஒன்றை வடிவமைத்த மாணவர், ‘எழுத்துகள் தெளிவாக இல்லாததால் நிறத்தை மாற்றினேன், இப்போது நன்றாக உள்ளது’ என்று எழுதினால் அதில் ஆராய எதுவும் இல்லை. அதையே பின்வருமாறு எழுதலாம்: ‘தலைப்போடு போட்டியிடக் கூடாது என்பதற்காக, நாளையும் இடத்தையும் வெள்ளைப் பின்னணியில் 999999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பலில் இட்டேன். அறிவிப்பைப் பார்த்த வகுப்புத் தோழி தலைப்பைப் படித்துவிட்டு, நிகழ்ச்சி எங்கே என்று என்னிடம் கேட்டார். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே உள்ள வெளிச்ச வேறுபாட்டின் விகிதத்தை அளந்தபோது அது 2.85:1 என்றே இருந்தது. இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் சாதாரண அளவு எழுத்துகளுக்குக் குறைந்தது 4.5:1 கேட்கின்றன. 767676 என்ற சாம்பல் 4.54:1 தந்து அந்த வரம்பைக் கடந்தது. ஆனால் சிக்கல் நிறத்தின் எண்ணில் இல்லை. முக்கியத்துவத்தின் வரிசையை மங்கலாக்கித்தான் காட்ட முடியும் என்று நான் நினைத்திருந்தேன். இறுதி வடிவத்தில் நாளையும் இடத்தையும் கறுப்பிலேயே விட்டு, அளவாலும் இடைவெளியாலும் வரிசையைக் காட்டினேன்.’

இந்தப் பத்தியின் பலம் அளவீடுகளில் இல்லை, அவை எளிதில் கிடைப்பவை. செயலுக்குப் பின்னால் இருந்த எண்ணத்தை மாணவர் கண்டுபிடித்து வெளியே வைப்பதுதான் பலம். எழுத்துப் பணிக்கும் இதுவே பொருந்தும். ‘முன்னுரையைச் சுருக்கினேன்’ என்பது செய்தி மட்டுமே. மூன்று பத்திகள் பின்னணி சொன்ன பிறகே கட்டுரையின் கேள்வி வந்தது, வாசகருக்கு எதுவும் தெரியாது என்று எண்ணியதால் அவ்வாறு அமைத்தேன், கேள்வியை முதல் பத்திக்குக் கொண்டுவந்தபோது பின்னணியில் பாதி தேவையற்றுப் போனது, ஆனால் நான் விரும்பிய ஒரு நேர்காணல் மேற்கோளையும் இழக்க நேர்ந்தது என்று எழுதினால் அது ஆய்வாகிறது. இழந்ததைச் சொல்லத் தயங்காதீர்கள். எதையும் இழக்காத முடிவு அநேகமாக முடிவாகவே இருந்திருக்காது.

பாடநெறியில் வடிவமைப்பு, எழுத்து என இருவகைப் பணிகளும் இருந்தால், அவற்றைத் தனித்தனிப் பகுதிகளாக எழுதி முடிப்பதைவிட ஒன்றின் வழியாக மற்றொன்றைப் பார்ப்பது பயன் தரும். போஸ்டரில் ஒரு மூலையைக்கூட வெறுமையாக விடாதவரின் கட்டுரையில், திரட்டிய தகவல் அனைத்தையும் முதல் பக்கத்திலேயே கொட்டும் பழக்கமும் பல நேரம் இருக்கும். இரண்டிலும் வேலை செய்வது எதையும் விட்டுவிட அஞ்சும் மனமாக இருக்கலாம். இத்தகைய பொதுப் பழக்கம் ஒன்றைச் சான்றுகளோடு காட்டினால், கட்டுரைக்குத் தேவையான மையக் கருத்து தானாகவே கிடைத்துவிடும். சான்று இல்லாமல் வலிந்து பொருத்த மட்டும் வேண்டாம்.

சில பாடநெறிகள் குறிப்பிட்ட சட்டகத்தைப் பின்பற்றச் சொல்லும். கல்வியியலாளர் கிரஹாம் கிப்ஸ் 1988இல் முன்வைத்த மீள்பார்வைச் சுழற்சியில் விவரிப்பு, உணர்வுகள், மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம் என ஆறு படிகள் உள்ளன. கேட்டிருந்தால் பின்பற்றுங்கள், ஆனால் ஆறுக்கும் சம இடம் தர வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை. பகுப்பாய்வுக்கே அதிக இடம் வேண்டும். பதற்றமோ மகிழ்ச்சியோ ஒரு முடிவை மாற்றியிருந்தால் மட்டும் அந்த உணர்வை எழுதினால் போதும். தொழில்முறைக் கற்றலை ஆராய்ந்த டொனால்ட் ஷோன் 1983இல் விளக்கிய வேறுபாடும் உதவக்கூடியது: வேலை நடக்கும்போதே சிந்தித்துத் திருத்துவது ஒன்று, முடிந்தபின் அதைத் திரும்பிப் பார்ப்பது மற்றொன்று. எந்தத் திருத்தத்தை வேலையின் நடுவே செய்தீர்கள், எதை இப்போதுதான் உணர்கிறீர்கள் என்று பிரித்து எழுதினால் கட்டுரையில் நேர்மை கூடும்.

குழுப் பணியானால் ‘நாங்கள்’ எங்கே, ‘நான்’ எங்கே என்பதில் கவனம் தேவை. ஆயத்த டெம்ப்ளேட்டையோ செயற்கை நுண்ணறிவுக் கருவியையோ பயன்படுத்தியிருந்தால், அது எதைத் தந்தது, அதில் எதை ஏற்றீர்கள், எதை மாற்றினீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். படங்களைக் கட்டுரையின் இறுதியில் குவிக்காமல், பேசப்படும் இடத்திலேயே வைத்து, எதைப் பார்க்க வேண்டும் என்று படத்தின் கீழே ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

எதிர்காலத்தைப் பற்றிய பகுதியில் ‘அடுத்த முறை நேரத்தை நன்றாகத் திட்டமிடுவேன்’ என்ற வாக்கியம் வந்தால் தயங்காமல் நீக்குங்கள். ‘அடுத்த பணியில், நிறம் எதையும் சேர்க்கும் முன் கறுப்பு வெள்ளையிலேயே லேஅவுட்டை ஒருவரிடம் காட்டி, அவர் எதை முதலில் படிக்கிறார் என்று கேட்பேன்’ என்பது செய்து பார்க்கக்கூடியது, செய்தாரா என்று பின்னர் சரிபார்க்கவும் கூடியது. ஒப்படைக்கும் முன் அறிவுறுத்தல் தாளை மீண்டும் ஒருமுறை படியுங்கள். சொல் வரம்பைத் தாண்டியிருந்தால் பணியை விவரிக்கும் வரிகளில் முதலில் கைவையுங்கள். பணியின் இறுதி வடிவம் மதிப்பிடுபவரின் கையிலேயே இருக்கிறது.