உலாவியிலிருந்து கிட்: ப்ராக்ஸி அமைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐசோமார்ஃபிக்-கிட் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி இருந்தால், ஒரு கிட் களஞ்சியத்தை (நிரல் கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் இருக்கும் இடம்) உலாவிக்குள்ளேயே க்ளோன் செய்து (படியெடுத்து), திருத்தி, புஷ் செய்ய (மாற்றங்களைத் திருப்பி அனுப்ப) முடியும். ஆனால் கிட்ஹப்பின் கிட் முகவரிகள் கோர்ஸ் ஹெடர்களை (வேறு தளத்தின் நிரலும் பதிலைப் படிக்கலாம் என்று உலாவிக்குச் சொல்லும் குறிப்புகளை) அனுப்புவதில்லை. ஆகவே பதில் வந்தாலும் உலாவி அதை நம் நிரலிடம் தராது. இதற்காகவே, கோரிக்கையைக் கடத்தி, பதிலில் அந்த ஹெடர்களைச் சேர்த்துத் தரும் ஒரு ப்ராக்ஸியை (இடைநிலை சர்வரை) இடையில் வைக்கிறோம். சில பத்து வரிகளில் எழுதிவிடக்கூடிய நிரல்தான் என்றாலும், பயனர்களின் டோக்கன்கள் (கடவுச்சொல்லுக்குப் பதிலான அணுகல் சாவிகள்) அனைத்தும் அதன் வழியாகவே செல்கின்றன என்பதால் அதை அலட்சியமாக அமைக்கக் கூடாது.

மிக மோசமான தவறு, கேட்கப்படும் எந்த முகவரிக்கும் கோரிக்கையை அனுப்பிவிடுவது. அப்படித் திறந்துவைத்த ப்ராக்ஸியை யார் வேண்டுமானாலும் தம் அடையாளத்தை மறைக்கப் பயன்படுத்தலாம், அதைவிட, கிளவுட் சேவைகளின் உள் முகவரியான 169.254.169.254-ஐக் கேட்டு, கிளவுட் இயந்திரத்தின் இரகசியச் சாவிகளைப் பெற முயலலாம். கிட் வேலைக்குத் தேவைப்படுபவை மூன்றே வகைக் கோரிக்கைகள்: இன்ஃபோ-ரெஃப்ஸுக்கு (கிளைகளின் பட்டியல்) ஒரு கெட், அப்லோட்-பேக்குக்கு (சர்வரிலிருந்து பெறுதல்) ஒரு போஸ்ட், ரிசீவ்-பேக்குக்கு (சர்வருக்கு அனுப்புதல்) ஒரு போஸ்ட். இவற்றையும், இவற்றுக்கு முன் உலாவி அனுமதி கேட்டு அனுப்பும் ஆப்ஷன்ஸ் கோரிக்கையையும் தவிர மற்றதெல்லாம் மறுக்கப்பட வேண்டும். அனுமதிக்கும் ஹோஸ்ட்களுக்கும் ஒரு பட்டியல் இருக்க வேண்டும். முதல் முகவரியை மட்டும் சோதித்துவிட்டு ரீடைரக்ட்டை (வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் பதிலை) கண்மூடிப் பின்தொடர்ந்தால் அந்தப் பட்டியலுக்குப் பொருளே இல்லாமல் போகும். கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று சொல்லும் ஆரிஜின் ஹெடரைச் சோதிப்பதைப் பூட்டாக நம்புவதும் தவறு. உலாவிக்கு வெளியே, கர்ல் கட்டளையில் அதை எவரும் விரும்பியபடி எழுதி அனுப்பலாம்.

2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப் கிட் செயல்களுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. டோக்கன்தான் ஆத்தரைசேஷன் ஹெடரில் செல்கிறது. அது பேஸ்64 வடிவில் இருப்பதால் பாதுகாப்பானது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது வெறும் உருமாற்றமே, குறியாக்கம் அன்று. பிழை தேடுவதற்காக எல்லா ஹெடர்களையும் லாக்கில் (சர்வரின் பதிவுக் கோப்பில்) எழுதும் ஒரு வரி அப்படியே தங்கிவிட்டால், அந்த லாக்கைப் படிக்க முடிந்தவர் எவரும் பயனரின் களஞ்சியத்தில் எழுதவும் முடியும். சோதனைக்கென்று பொதுவில் இருக்கும் ப்ராக்ஸிகளுக்குத் தனியார் களஞ்சியத்தின் டோக்கனைக் கொடுப்பதும் இதே வகை ஆபத்துதான்.

பலரை நெடுநேரம் அலைக்கழிப்பது பிழைப் பதில்களில் கோர்ஸ் ஹெடர் இல்லாமல் போவதுதான். ப்ராக்ஸியாகப் பலர் பயன்படுத்தும் என்ஜின்எக்ஸ் சர்வரில் ஆட்-ஹெடர் கட்டளை, இறுதியில் ஆல்வேஸ் என்று சேர்க்காவிட்டால், 200, 204, 301 போன்ற சில நிலைகளுக்கு மட்டுமே ஹெடரைச் சேர்க்கும். கிட் சர்வர் 401 (அடையாளம் தேவை) அனுப்பும்போது உலாவி அதை மறைத்துவிட, டோக்கன் கேட்க வேண்டிய செயலி இணைப்பே அறுந்ததாக எண்ணி நின்றுவிடும். என்ஜின்எக்ஸ் இயல்பில் 1 எம்பிக்கு மேற்பட்ட கோரிக்கை உடலை 413 (அளவு மிகுதி) என்று மறுப்பதால், பெரிய புஷ்ஷும் இதே மர்மப் பிழையாகத் தெரியும்; வரம்பை உயர்த்துவதோடு ஆல்வேஸையும் சேர்த்தால்தான் காரணம் கண்ணில் படும். ஆப்ஷன்ஸ் கோரிக்கையில் டோக்கன் வராது என்பதால் அதற்கு அடையாளச் சோதனை வைக்கக் கூடாது. அனுமதிக்கும் ஹெடர்களில் நட்சத்திரக்குறி போட்டால் போதும் என்பதும் சரியன்று; விதிப்படி ஆத்தரைசேஷனைப் பெயர் சொல்லியே குறிப்பிட வேண்டும்.

ப்ராக்ஸியை நோடில் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் மென்பொருள்) ஃபெட்ச் கொண்டு எழுதுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: ஃபெட்ச் ஜிசிப் சுருக்கத்தைத் தானே விரித்துவிடுகிறது, பழைய கன்டென்ட்-என்கோடிங், கன்டென்ட்-லெங்த் ஹெடர்களை அப்படியே கடத்தினால் உலாவி மீண்டும் விரிக்க முயன்று தோற்கும். இன்ஃபோ-ரெஃப்ஸ் பதிலை ப்ராக்ஸியில் சேமித்துவைக்கவே வேண்டாம். புதிய கமிட்டுகள் தெரியாமல் போவது ஒருபுறமிருக்க, ஒருவருடைய தனியார் களஞ்சியத்தின் கிளைப் பெயர்கள் அடுத்தவருக்குப் போய்ச் சேரக்கூடும்.