சேலத்திலிருந்து பறக்கிறீர்களா? செக்யூரிட்டி செக்கில் வாக்குவாதம் இல்லாமல் தாண்டும் வழி

சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்து, சிறு ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018-ல் மறுபடி விமானம் பறந்தது, நடுவில் நின்றது, 2023 அக்டோபரில் திரும்ப வந்தது. அப்போதிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் முதல் தடவை விமானம் ஏறினாலும் பை கட்டிக் கொடுப்பது நான்தான். டிக்கெட், வெப் செக்-இன், அடையாள அட்டை எல்லாம் உங்களுக்கே தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். எக்ஸ்ரே எந்திரத்தின் முன்னால் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி மட்டும் இங்கே.

படி 1: திரையில் என்ன தெரிகிறது?

எக்ஸ்ரே திரையில் உணவு, துணி, காகிதம் போன்றவை ஆரஞ்சு நிறம். உலோகம் நீலம். இரண்டுக்கும் இடைப்பட்டது பச்சை. கதிர் ஊடுருவ முடியாத அளவுக்கு அடர்ந்த பொருள் கறுப்பு. வெடிமருந்தும் ஆரஞ்சில்தான் தெரியும்.

இப்போது நம் ஆட்கள் பை கட்டும் விதத்தைப் பாருங்கள். ஏற்காட்டில் வாங்கிய ஒரு கிலோ காபித்தூள், அதன் பக்கத்திலேயே போன் சார்ஜர், ஒயர், பவர் பேங்க். திரையில் தடித்த ஆரஞ்சுக் கட்டி, அதைச் சுற்றி ஒயர். அங்கே உட்கார்ந்திருப்பவர் தேடச் சொல்லிப் பழக்கப்படுத்தப்பட்ட படமே அதுதான். பையை ஓரமாகத் தள்ளிவிட்டு “இது யாருடையது?” என்று கேட்டால், உங்கள் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டார் என்று நினைக்க வேண்டாம். போலிப் பொருளோடு ஆள் அனுப்பி இவர்களையே சோதித்துப் பார்ப்பதும் உண்டு. அதனால் தெளிவில்லாத எதையும் திறந்து பார்க்காமல் விட மாட்டார்கள்.

படி 2: பை கட்டுதல்

துணிக்கடைக் கட்டைப்பை வேண்டவே வேண்டாம். தட்டில் சாய்ந்து விழும், பொருள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து படம் குழம்பும். கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டியும் அப்படித்தான்: அவிழ்க்கச் சொன்னால் திரும்பக் கட்ட அங்கே கயிறு கிடைக்காது. மேலே முழுதாகத் திறக்கும் ஜிப் வைத்த பை ஒன்று போதும். ஒயர், சார்ஜர், மாத்திரைக்குத் தனித்தனியாகக் கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் பவுச் போடுங்கள். இதற்கென்று விலையுயர்ந்த ஆர்கனைசர் விற்கிறார்கள், தேவையில்லை.

செவ்வாப்பேட்டையில் வாங்கிய வெள்ளிக் கொலுசை, விலை உள்ள பொருள் என்பதால், கைப்பையில்தான் வைக்க வேண்டும். மொத்தமாக ஒரே டப்பாவில் அடைத்தால் கறுப்புக் கட்டியாகத் தெரியும், திறக்கச் சொல்வார்கள். பரப்பி வையுங்கள். திறக்கச் சொன்னால் நீங்களே திறந்து காட்டலாமா என்று கேளுங்கள். பில்லும் கூடவே இருக்கட்டும்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும், 20,000 எம்.ஏ.எச் வரை கவலையில்லை. தீப்பெட்டி, லைட்டர் எதிலும் கூடாது. அரிவாள்மனை, கத்தி செக்-இன் பையில் (கவுண்டரில் ஒப்படைக்கும் பை). முழுக் கொப்பரை இரண்டிலும் வராது. எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானப் போக்குவரத்தில் அதற்கு வகைப்பாடே இருக்கிறது. நேர்த்திக் கடன் என்றெல்லாம் சொல்லிப் பயனில்லை.

படி 3: தேன், நெய், தைலம்

எல்லாச் சண்டையும் இங்கேதான் தொடங்குகிறது. ஏற்காட்டுக் கடைகளில் மலைத்தேனும் நீலகிரித் தைலமும் வாங்காமல் யாரும் இறங்குவதில்லை. தேனும் நெய்யும் உங்களுக்குச் சாப்பாடு, அங்கே திரவக் கணக்கு. ஒரு பாட்டிலுக்கு 100 மி.லி என்பது வெளிநாட்டுப் பயணத்தில் கறாராகப் பார்க்கப்படுகிறது. உள்நாட்டில் குடிதண்ணீரை விட்டுவிடுகிறார்கள், ஆனால் தேன் பாட்டிலை ஓர் ஊரில் விடுவார்கள், இன்னோர் ஊரில் நிறுத்துவார்கள். இறுதி முடிவு அங்கே நிற்கும் அதிகாரியுடையது. “போன தடவை சென்னையில விட்டாங்களே” என்பது உண்மையாக இருந்தாலும் இங்கே செல்லாது. அதைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவர் குரலும் ஏறும்.

அந்த இடத்தில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: “சார், இதை செக்-இன்ல போட்டுட்டு வரலாமா?” நேரம் இருந்தால் அனுமதிப்பார்கள். ஆனால் உள்நாட்டு விமானத்துக்குப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுகிறார்கள். மூடிய பிறகு திறக்கச் சொல்லிப் பாதுகாப்பு அதிகாரியிடம் கெஞ்சிப் பயனில்லை, அது விமான நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பாதுகாப்பு அதிகாரியிடம் விமான நிறுவனத்தின் பொறுப்பைப் பேசி, விமான நிறுவனத்திடம் அதிகாரியின் பொறுப்பைப் பேசித்தான் பாதிப் பேர் கோபத்தில் கத்துகிறார்கள்.

அதனால் வழியனுப்ப வந்தவர்களை உடனே கிளம்பவிடாதீர்கள். நீங்கள் சோதனையைத் தாண்டி போன் செய்யும் வரை வாசலிலேயே நிற்கட்டும். சிறிய நிலையம் என்பதால், உரிய அனுமதி கேட்டு பாட்டிலை அவர்கள் கையில் சேர்ப்பது இங்கே எளிது. பெங்களூரு மாதிரி இடத்தில் முடியாது.

நீலகிரித் தைலம் எளிதில் தீப்பற்றும். அதைப் பெரிய பாட்டிலில் செக்-இன்னிலும் போட வேண்டாம்.

படி 4: உடல் சோதனை

பெல்ட், சில்லறை, சாவி, போன் தட்டில். மெட்டல் டிடெக்டர் ஒலித்தால் பதற வேண்டாம், கொலுசுக்கும் ஒலிக்கும். பெண்களைப் பெண் காவலர்தான் திரை மறைவில் சோதிப்பார். பேஸ்மேக்கர் இருந்தால் வாயிலுக்கு முன்பே சொல்லிவிடுங்கள், கையால் சோதிப்பார்கள். செயற்கைக் கால் இருந்தால் தனியறை கேளுங்கள். நடிகை சுதா சந்திரன் ஒவ்வொரு முறையும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்வதாக 2021-ல் வீடியோ வெளியிட்டார், அதன் பிறகு, விமான நிலையங்களில் பாதுகாப்புப் பார்க்கும் மத்தியப் படையான சி.ஐ.எஸ்.எஃப் மன்னிப்புக் கேட்டது. அதிகாரி எப்போதும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. சோதனையிலிருந்து விலக்குப் பெற்றோர் பட்டியலில் இருந்த அப்துல் கலாமையே 2009-ல் டெல்லியில் ஒரு வெளிநாட்டு விமான நிறுவன ஊழியர்கள் தடவிச் சோதித்தார்கள். அந்த நிறுவனமும் பிறகு மன்னிப்புக் கேட்டது.

பின்சேர்க்கை 1: “கையில் பஞ்சு மாதிரி ஏதோ தடவினார்கள், எந்திரம் கத்தியது, தீவிரவாதி மாதிரி நிற்க வைத்தார்கள்” என்று ஓமலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் எழுதியிருந்தார். அது வெடிமருந்துத் துகள் சோதனை. நைட்ரேட் உரத்தைத் தொட்ட கைக்கும், கிளிசரின் கலந்த கிரீம் பூசிய கைக்கும் அது சில சமயம் ஒலிக்கும். கிளம்பும் நாளில் உரம் போடாதீர்கள். போட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையையும் மாற்றுங்கள். கேட்டால் “உரம் போட்டேன் சார்” என்று நேராகச் சொல்லுங்கள். “என்ன, பாம்னு நெனச்சீங்களா?” என்ற நகைச்சுவை மட்டும் வேண்டாம். அந்தச் சொல் காதில் விழுந்தால் போலீஸ் வரும், விமானம் போய்விடும்.

பின்சேர்க்கை 2: மொழி பற்றிப் பலர் கேட்டார்கள். 2020-ல் சென்னையில், இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று சொன்ன தி.மு.க எம்.பி. கனிமொழியிடம் “நீங்கள் இந்தியரா” என்று கேட்கப்பட்டதாக அவர் சொன்னதும் சி.ஐ.எஸ்.எஃப் விசாரணைக்கு உத்தரவிட்டது. எம்.பி.க்கே அப்படி என்றால் நம் அப்பத்தா என்ன செய்வார்? “தமிழ் தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க” என்று நிதானமாகச் சொல்லி அப்படியே நிற்கலாம், அதில் தவறே இல்லை. புரியாமல் தலையாட்டினால்தான் பொருள் குப்பைத் தொட்டிக்குப் போகும்.

நடந்தது அநியாயம் என்று பட்டால் அங்கேயே கத்தாமல் ஷிஃப்ட் பொறுப்பாளரைக் கேளுங்கள். பெயர்ப் பட்டை, நேரம், எந்த வரிசை என்று குறித்துக்கொள்ளுங்கள். சோதனை இடத்தில் வீடியோ எடுக்காதீர்கள், அதற்கே உங்கள் மேல் வழக்கு வரலாம். இறங்கிய பிறகு, விமானப் பயணிகள் புகார் சொல்வதற்கான மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலோ செயலியிலோ புகார் பதியலாம். விமான எண், தேதி, என்ன பொருள், என்ன சொன்னார்கள்: இவ்வளவு இருந்தால் போதும்.