இரண்டே அசைவுகளில் ரேந்தை: பாபின் லேஸுக்கு முதல் பாடம்

லேஸுக்குத் தமிழில் ரேந்தை என்றும் ஒரு பெயர் உண்டு. போர்த்துகீசியரின் 'ரெண்டா'தான் இப்படி ஆனது. நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி பெண்மணி இதைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855இல். அதற்கு முன்பே, ரேந்தை பின்னிய கூலியைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் அங்கே உண்டு. அவர்கள் விரல்கள் பழகிய அடிப்படைப் பின்னலைத்தான் இன்று செய்யப்போகிறோம்.

முதலில் திண்டு. தெர்மாகோல் பலகையில் பருத்தித் துணியை இறுக்கிச் சுற்றினால் போதும். கட்டம் போட்ட தாளில் 1 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகள் வரைந்து, ஒவ்வொன்றிலும் 4 மி.மீ.க்கு ஒரு புள்ளி வையுங்கள். வலப்புறப் புள்ளிகள் இடப்புறத்துக்கு நடுவில் விழ வேண்டும். அட்டையில் ஒட்டி, புள்ளிகளை ஊசியால் குத்தித் திண்டில் பொருத்துங்கள்.

அப்புறம் பாபின், அதாவது நூல் சுற்றும் குச்சி. 12 பென்சில் துண்டுகள், மேல்முனையில் ரப்பர் பேண்ட். ஒரு மீட்டர் (இடது ஓரத்தில் வரும் ஜோடிக்கு மட்டும் இரண்டரை மீட்டர்) குரோஷா நூலின் இரு முனைகளையும் இரண்டு பென்சில்களில் சுற்றி, அவிழாதபடி ஒரு சுருக்குப் போட்டால் ஒரு ஜோடி. இப்படி 6 ஜோடிகளை மேலே வரிசையாகக் குண்டூசிகளில் தொங்கவிடுங்கள். இடது ஓரத்து ஜோடி ஊடை, குறுக்கே போய்வருவது அதுதான்; மற்ற ஐந்தும் பாவு, நீளவாக்கில் தொங்குபவை.

இனிதான் கவனம் தேவை. பக்கத்துப் பக்கத்து இரு ஜோடிகளின் நான்கு நூல்களை இடமிருந்து எண்ணுங்கள். நூலை அல்ல, இடத்தை; ஒவ்வொரு அசைவுக்கும் புதிதாக.

குறுக்கு: 2ஐ 3க்கு மேலே போடுங்கள்.
முறுக்கு: 2ஐ 1க்கு மேலே, 4ஐ 3க்கு மேலே.
மறுபடி குறுக்கு.

சரி, ஊடை ஒரு ஜோடியைக் கடந்துவிட்டது. இப்படியே ஐந்தையும் கடந்து வலது ஓரம் போய், ஊடையை மட்டும் இரண்டு முறை முறுக்கி, அதன் உள்பக்கமாகப் புள்ளியில் ஊசி குத்துங்கள். ஊடை ஊசியைச் சுற்றித் திரும்பட்டும். இடப்புறமும் அப்படியே. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் பாவு நூல்களை மெதுவாகக் கீழே இழுத்துவிடுங்கள். ஊடையை வெடுக்கென்று இழுத்தால் ஓரம் சுருங்கும். குழம்பினால் கடைசி ஊசி வரை பொறுமையாகப் பின்னோக்கி அவிழ்க்கலாம், நூல் கெடாது.

மேல் ஊசிகளைப் பத்து வரிசைக்குப் பிறகே எடுங்கள். 15 செ.மீ. ஆனதும் ஒவ்வொரு ஜோடியையும் இறுக முடிச்சிட்டு, 3 செ.மீ. குஞ்சம் விட்டு வெட்டுங்கள். புத்தக அடையாளம் தயார்.